டினைடு வாங்கிய அடி

அந்தத் தகடு ஆலையில் அவனுடைய சொந்தப் பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவன் டினைடு. இரும்புத் தகடுகளை அழுத்திக் கார் கதவாக வளைக்கும் பெரிய பிரஸ் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஆளுயரப் பெட்டி ஒன்று நிற்கும். பெட்டிக்குள் ஒரு லினக்ஸ் கணினி இருக்கிறது. பிரஸ்ஸை ஆட்டி வைப்பது அதுதான். அந்தக் கணினி பூட் ஆகி எழுந்திருக்கும்போது எந்த நிரல் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று விதி எழுதி வைப்பது அவன் வேலை. விதியில் இல்லாததைத் தொட ஒரு நிரல் கையை நீட்டினால் திரையில் 'டினைடு', அதாவது அனுமதி இல்லை, என்று ஒரு வரி விழும். அவனிடம் யார் எதைக் கேட்டாலும் வாயிலிருந்து முதலில் வருவது 'முடியாது' என்பதால், அந்த வார்த்தை திரையிலிருந்து இறங்கி அவன்மேலேயே ஒட்டிக்கொண்டது. அவனுக்கும் அதில் வருத்தமில்லை.

ஆள் ஒல்லி, ஆனால் கை நீளம். திருடுகிற அர்த்தத்தில் இல்லை, அடிக்கிற அர்த்தத்தில்தான். கேன்டீன் வரிசையில் குறுக்கே புகுந்தவனைச் சாப்பாட்டுத் தட்டாலேயே அடித்து நெற்றியைக் கிழித்திருக்கிறான். பஸ்ஸில் ஒரு பெண்ணின் முதுகில் சாய்ந்த ஆளைப் படிக்கட்டோடு உதைத்துத் தள்ளியிருக்கிறான். திருப்பியும் வாங்கியிருக்கிறான், அதை மறைப்பதில்லை. உடைந்து உடைந்து சேர்ந்த மூக்கு, எந்தப் பக்கம் பார்த்தாலும் வேறு பக்கம் பார்ப்பதுபோல் இருக்கும்.

இந்தக் கோபம் வீட்டிலிருந்து வந்த சொத்து. அவன் அப்பா அடிக்கிற மனிதர். செருப்பு வாசலில் கோணலாகக் கிடந்தால் போதும், பெல்ட் இடுப்பிலிருந்து கைக்கு வந்துவிடும். அம்மாவை அடித்து, அவனை அடித்து, அதற்கும் கை ஓயாவிட்டால் தங்கச்சியைத் தேடுவார். தங்கச்சி உள் அறைக்கு ஓடுவாள். இவன் அந்த அறைவாசலில் நின்று கதவுச் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வான். பிடியைத் தளர்த்த ஒருநாள் அப்பா கதவையே அவன் விரல்மேல் அறைந்து சாத்தினார். வலது கைச் சுண்டுவிரல் இன்றும் வெளிப்பக்கமாக வளைந்து நிற்கிறது. அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்தார்கள். பார்த்தார்கள், உச்சுக் கொட்டினார்கள், ஜன்னலைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்கள்.

அதனால்தானோ என்னவோ, இந்த வேலை கைக்கு வந்தபோது அவனுக்கு அது வேலையாகவே தெரியவில்லை. கணினியில் ரூட் என்று ஒரு பயனர் உண்டு, குடும்பத் தலைவர் மாதிரி. சாதாரணமாக அவர் வைத்ததுதான் சட்டம், எந்தக் கோப்பையும் அழிக்கலாம், எந்தக் கருவியையும் தொடலாம், ஏன் என்று கேட்க நாதி இருக்காது. ஆனால் டினைடு எழுதும் விதிகள், பாலிசி என்பார்கள், இருக்கும் இடத்தில் ரூட்டின் பாச்சா பலிக்காது. நிரலுக்கு ஒரு லேபிள், கோப்புக்கும் கருவிக்கும் ஒரு லேபிள். இந்த லேபிள் அந்த லேபிளைத் தொடலாம் என்று எழுதியிருந்தால் தொடலாம். எழுதவில்லையென்றால் ரூட்டே தலைகீழாக நின்றாலும் நடக்காது. இதை முதன்முதலில் புரிந்துகொண்ட அன்று அவன் நாற்காலியில் சாய்ந்து தனக்குத்தானே சிரித்தான். ஒரு வீட்டில் இப்படி ஒரு பாலிசி இருந்திருந்தால் தன் சுண்டுவிரல் நேராக இருந்திருக்கும் என்று நினைத்தான்.

பாலிசிக்கு இரண்டு நிலை. என்ஃபோர்சிங் என்றால் தடுக்கும். பெர்மிசிவ் என்றால் தடுக்காது, தப்பு நடந்தது என்று ஒரு வரி மட்டும் குறித்துக்கொள்ளும். அந்த இரண்டாவது நிலையைப் பற்றிப் படித்தபோது பக்கத்து வீட்டு ஜன்னல்கள்தான் அவன் கண்ணில் வந்து நின்றன. அன்றிலிருந்து பெர்மிசிவ் என்றாலே அவனுக்கு உடம்பெல்லாம் எரியும். "என் கையில இருக்கற வரைக்கும் ஒரு மெஷினும் பெர்மிசிவ்ல போகாது" என்பான். பெட்டியின் திரையில் பெர்மிசிவ் என்று சிவப்பு எழுத்து தெரிந்தால் பிரஸ்ஸை யாரும் தொடக்கூடாது, பச்சையில் என்ஃபோர்சிங் என்று தெரிந்தால்தான் தொடலாம் என்று ஃபோர்மேனுக்கும் ஆட்களுக்கும் தலையில் அடித்துச் சொல்லிக்கொடுத்திருந்தான். அவர்களும் சொன்னபடி கேட்டார்கள். பின்னால் நடந்ததற்கு அவர்கள் அப்படிக் கேட்டதும் ஒரு காரணம்.

தங்கச்சிக்கு அவன்தான் மாப்பிள்ளை பார்த்தான். அதே ஆலையில் நாலாம் நம்பர் பிரஸ் ஓட்டுகிறவன். வேலையில் சுத்தம், ஆள் வாட்டசாட்டம், நம் கண் முன்னாலேயே இருப்பான் என்று கணக்குப் போட்டான். கொஞ்ச காலம் மச்சானும் மச்சானும் தோளில் கை போட்டுக்கொண்டுதான் திரிந்தார்கள். ஒரு சாயங்காலம் தங்கச்சி வீட்டுக்கு வந்தாள். ஒரு கன்னம் வீங்கியிருந்தது.

"கதவுல இடிச்சிக்கிட்டேண்ணா" என்றாள்.

கதவு எங்கே இடிக்கும், கை எங்கே இடிக்கும் என்பது அந்த வீட்டில் வளர்ந்தவனுக்குத் தெரியாதா. அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

ஷிப்ட் முடிந்து வந்த மச்சானை ஆலைக்குப் பின்னால் கழிவுத் தகடு கொட்டும் இடத்தில் மடக்கினான். முதல் குத்தில் உதடு கிழிந்தது, இரண்டாவதில் முன்பல் இரண்டு போனது. மச்சான் இவனைவிட ஒன்றரை மடங்கு ஆள், ஆனால் குற்றம் செய்தவனின் கை எழும்பவில்லை. கீழே விழுந்தவனின் வலது கையை பூட்ஸால் மிதித்துக்கொண்டு, "இந்தக் கையா? இதானா?" என்று கேட்டுக் கேட்டு அழுத்தினான். மச்சான் அழுதான். பேன்ட் நனைந்துவிட்டது. மிதிபட்ட கையோடு இவன் காலைக் கட்டிக்கொண்டு, "இனிமே தொடமாட்டேன், சத்தியமா தொடமாட்டேன். ஷாப்ல மட்டும் சொல்லிடாத" என்று கெஞ்சினான்.

அடித்ததைப் பற்றித் தங்கச்சி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் ஒரு சத்தியம் வாங்கினாள். "அங்க நடந்தத எவன்கிட்டயும் வாய் திறக்கக்கூடாதுண்ணா. அவர் தெனமும் அங்கதான் தலை நிமிர்ந்து நிக்கணும்." அவனும் வாக்குக் கொடுத்தான். படிக்கட்டில் விழுந்து பல் போய்விட்டதாக ஷாப்பில் கதை கட்டினார்கள், எல்லோரும் நம்பினார்கள். மச்சானும் சொன்ன சொல் மாறவில்லை. அதற்குப் பிறகு தங்கச்சிமேல் ஒரு விரல்கூடப் படவில்லை. ஆனால் இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சு அற்றுப்போனது. ஒரே கூரைக்குக் கீழே வேலை, ஆனால், "அந்த ஆளுகிட்ட சொல்லுங்க, பெட்டி மக்கர் பண்ணுது" என்று மச்சான் ஃபோர்மேனிடம் சொல்வான், ஃபோர்மேன் இவனிடம் வந்து சொல்வான். எதிரெதிரே நின்றுகொண்டே வருடக்கணக்கில் இப்படித் தூது அனுப்பிக்கொண்டார்கள்.

நாலாம் நம்பர் பிரஸ்ஸின் கணினியில் டிஸ்க் போய்விட்டது. அங்கேதான் ஆரம்பம்.

காலையில் வந்தவுடன் டினைடு புது டிஸ்க்கைப் போட்டான். பூட் ஆகவில்லை. நகல் எடுத்து வைத்த கோப்புகளில் லேபிள் இல்லை. லேபிள் இல்லாத கோப்பைப் பாலிசி மதிக்காது. ஒவ்வொன்றுக்கும் திரும்ப லேபிள் போட வைத்தான். அதற்கே நேரம் பிடித்தது. அதற்குப் பிறகும் பாதி பூட்டில் நின்றது. பிரஸ் விற்ற கம்பெனிக்காரர்கள் போட்டுக் கொடுத்த சோதனை நிரல் ஒன்று, புதுப் பதிப்பில், முன்பு கேட்காத எதையோ கேட்டு அடம்பிடித்தது.

இந்தச் சோதனை நிரலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பிரஸ்ஸின் மேலே தொங்குவது ஒரு லாரியின் எடையுள்ள இரும்புத் தலை. எண்ணெய் அழுத்தம்தான் அதைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. ஒரு வால்வு திறந்தால் தன் எடையிலேயே இறங்கிவிடும், மோட்டார் ஓட வேண்டும் என்றுகூட இல்லை. யாராவது கையை உள்ளே விட்டிருக்கிறார்களா என்று பார்த்து, விட்டிருந்தால் வால்வைத் திறக்காமல் வைத்திருப்பது காவல் நிரல். ஆனால் பூட் ஆகும்போது காவல் நிரல் எழுந்திருப்பதற்கு முன்பே சோதனை நிரல் எழுந்துவிடும், எண்ணெய் அழுத்தம் சரியா என்று பார்க்க வால்வைத் திறக்கப் பார்க்கும். கம்பெனிக்காரனிடம் சொல்லிச் சொல்லி இவன் வாய் வலித்ததுதான் மிச்சம். அதனால் பாலிசியில் ஒரே போடாகப் போட்டுவிட்டான்: வால்வைத் தொடும் உரிமை காவல் நிரலுக்கு மட்டும்தான். சோதனை நிரல் ஒவ்வொரு பூட்டிலும் கையை நீட்டும், ஒவ்வொரு பூட்டிலும் டினைடு என்று வாங்கிக் கட்டிக்கொண்டு பேசாமல் உட்காரும்.

இப்போது அது புதிதாக என்ன கேட்கிறது என்று தெரிந்தால்தான் அனுமதி எழுத முடியும். தெரிந்துகொள்ள வழி, ஒருமுறை அதைத் தடுக்காமல் விட்டுப் பார்ப்பது. முழு இயந்திரத்தையும் பெர்மிசிவில் போட்டிருக்கலாம். அவனுக்குத்தான் அது ஆகாதே. பாலிசியில் இன்னொரு வசதி உண்டு. மற்ற எல்லாவற்றுக்கும் தடை இருக்க, ஒரே ஒரு நிரலை மட்டும் அவிழ்த்துவிடலாம். திரையில் அப்போதும் என்ஃபோர்சிங் என்றுதான் பச்சையில் தெரியும். மானமும் காப்பாற்றப்படும், வேலையும் நடக்கும். இரும்புத் தலைக்குக் கீழே இரண்டு பக்கமும் முட்டுக்கட்டைகளை நிறுத்தினான். சோதனை நிரலை மட்டும் அவிழ்த்துவிட்டு பூட் செய்தான். அது எழுந்து, கேட்டதையெல்லாம் தொட்டு, வால்வையும் திறந்தது. இரும்புத் தலை முட்டுக்கட்டைமேல் டொம்மென்று உட்கார்ந்தது. தரை அதிர்ந்தது. காவல் நிரல் எழுந்து தலையைத் திரும்ப மேலே ஏற்றியது. கணினி முழுதாக எழுந்து நின்றது.

என்ன தேவை என்று தெரிந்துவிட்டது. இரண்டு வரி எழுதிச் சேர்த்து, அவிழ்த்ததைத் திரும்பக் கட்டிவிட்டால் வேலை முடிந்தது. அந்த நேரத்தில்தான் மேனேஜர் வந்தார்.

"காலையிலிருந்து ஒரு கதவுகூட வெளிய போகல. என்ன பண்ணிக்கிட்டு இருக்க?"

"இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு சார்."

"பச்சையில என்ஃபோர்சிங்னு போட்டிருக்கே. எனக்கு என்ன படிக்கத் தெரியாதா?"

"அது இல்ல சார், நான் சொல்றத கேளுங்க—"

"நீ சொல்றத கேட்டுக் கேட்டுத்தான் இந்த ஷாப் குட்டிச்சுவரா போச்சு" என்று மேனேஜர் அவன் லேப்டாப்பின் மூடியை அடித்துச் சாத்தினார். அதுகூடப் பரவாயில்லை. கேபிளோடு பிடுங்கி எடுத்துத் தரையில் எறிந்தார். போகிற போக்கில், "உங்க அப்பன் உனக்கு வேலை செய்யச் சொல்லிக் குடுக்கலியா" என்று ஒரு வார்த்தையையும் விட்டார்.

வேறு எந்த வார்த்தையாக இருந்தாலும் அவன் பொறுத்திருப்பான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வார்த்தை கேட்டதும் அவன் தலைக்குள் இருந்த நிரல், லேபிள், பாக்கி வேலை அத்தனையும் துடைத்துப் போட்டது போலானது. டையோடு மேனேஜரைப் பிடித்து இழுத்து முகத்தின் நடுவில் தலையாலேயே முட்டினான். மூக்குக்கண்ணாடி உடைந்து புருவத்தில் ஏறியது. கீழே விழுந்தவர்மேல் உட்கார்ந்து இரண்டு கையாலும் போட்டான். காவலாளிகள் மூன்று பேர் தடியோடு வந்தார்கள். ஒருவன் முதுகில் போட்டான், ஒருவன் முழங்காலின் பின்பக்கம் போட்டான், மூன்றாமவன் மூக்கில் போட்டான். காலைப் பிடித்துக் கேட் வரைக்கும் இழுத்துக்கொண்டு போய் ரோட்டில் போட்டார்கள். வேலை போச்சு என்று பின்னால் யாரோ கத்தினார்கள். உள்ளே ஃபோர்மேன் பச்சை எழுத்தைப் பார்த்தான், முட்டுக்கட்டைகளை எடுக்கச் சொன்னான், நாலாம் நம்பர் பிரஸ் ஓட ஆரம்பித்தது. மச்சான் தகட்டை உள்ளே தள்ளினான்.

எதிர்ச் சாரியில் ஒரு சின்ன கிளினிக். நர்ஸ் அவன் மூக்கில் பஞ்சைத் திணித்துக்கொண்டிருந்தார். இவன் மேனேஜரை மனதுக்குள் மறுபடி மறுபடி அடித்துக்கொண்டிருந்தான். மின்விசிறி சுழல்வது குறைந்து நின்றது. விளக்கு அணைந்தது.

"கரண்ட் போச்சு. அசையாம உக்காருங்க, இப்ப வந்துடும்" என்றார் நர்ஸ்.

இப்ப வந்துடும் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அவன் நர்ஸின் கையைத் தள்ளிவிட்டு எழுந்தான். ஆலைக்கும் இதே லைன்தான், கரண்ட் போனால் பெட்டி அணையும். வந்தால் பூட் ஆகும். அவிழ்த்துவிட்ட நிரலை அவன் கட்டவில்லை. முட்டுக்கட்டைகளை எடுத்திருப்பார்கள், ஏனென்றால் பச்சையாகத் தெரிந்தால் எடுக்கலாம் என்று சொல்லிக் கொடுத்தவனே அவன்தான். சிவப்பு எழுத்துக்குக் கூச்சப்பட்டு ஒரே ஒரு நிரலை மறைவாக அவிழ்த்தானே, அந்தச் சிவப்பு எழுத்து இருந்திருந்தால் ஒருத்தனும் பிரஸ் பக்கம் போயிருக்க மாட்டான். கரண்ட் போனவுடன் பிரஸ் ஓட்டுகிறவர்கள் என்ன செய்வார்கள் என்பதும் அவனுக்குத் தெரியும். கரண்ட்டே இல்லை, என்ன ஆகப்போகிறது என்று, சிக்கிய தகட்டை நெம்பி எடுக்க உடம்பில் பாதியை உள்ளே விட்டுக்கொண்டு நிற்பார்கள்.

அவன் போன் லேப்டாப் பையோடு உள்ளேயே கிடந்தது. நர்ஸின் போனைப் பிடுங்காத குறையாக வாங்கி ஃபோர்மேனைக் கூப்பிட்டான்.

"நான்தான். நாலாம் நம்பர்ல—"

"உன்கூட பேசவே கூடாதுன்னு ஆர்டர்" என்று ஃபோர்மேன் வைத்துவிட்டான். திரும்பக் கூப்பிட்டபோது போகவே இல்லை. ஊருக்கெல்லாம் டினைடு போட்டவனுக்கே டினைடு.

மூக்கில் பஞ்சோடு ரோட்டைக் கடந்து ஓடினான். கேட்டில் அதே மூன்று பேர். "மறுபடி வந்துட்டான் பாரு" என்று முதல் ஆள் தடியை ஓங்கினான். சொல்லிப் புரியவைக்க நேரமில்லை என்று மட்டும்தான் அவனுக்குத் தோன்றியது. அடியைத் தோளில் வாங்கிக்கொண்டு அந்த ஆளின் கழுத்தில் முழங்கையால் குத்தினான். இரண்டாவது ஆள் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தான். இவன் குனிந்து அந்தக் கையைக் கடித்தான், வாயில் ரத்தம் வரும்வரை விடவில்லை. அலறிக்கொண்டு பிடி விட்டதும் ஓடினான். மூன்றாமவன் எறிந்த தடி பிடரியில் விழுந்தது. கண் இருண்டது, கால் மட்டும் ஓடியது.

ஷாப் அரையிருட்டாக இருந்தது. கூரைத் தகட்டின் ஓட்டைகள் வழியாக வந்த வெயில் மட்டும்தான் வெளிச்சம். நாலாம் நம்பர் பிரஸ்ஸில், வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு, இரண்டு தோளும் இரும்புத் தலைக்குக் கீழே இருக்க, மச்சான் ஒரு கோணல் தகட்டை ஸ்பேனரால் நெம்பிக்கொண்டிருந்தான்.

பிரஸ்ஸைச் சுற்றிப் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டை இவன் எட்டுவதற்குள் ஃபோர்மேனும் நான்கைந்து ஆட்களும் பாய்ந்து பிடித்துவிட்டார்கள். ஒருத்தன் கழுத்தில் கைபோட்டு நெரித்தான். ஒருத்தன் கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கினான்.

"வெளிய வா. டேய், வெளிய வா, தலை எறங்கப் போவுது" என்று டினைடு கத்தினான்.

மச்சான் டார்ச்சைக் கையில் எடுத்துத் திரும்பிப் பார்த்தான். முகமெல்லாம் ரத்தமாக, கண் வெறித்து, நான்கு பேர் பிடியில் திமிறிக்கொண்டு நிற்கும் ஆளைப் பார்த்தான். இந்த முகத்தை அவன் முன்பு ஒருமுறை பார்த்திருக்கிறான். டார்ச்சைத் தகடு கிடந்த அச்சின்மேல் வைத்துவிட்டுத் திரும்பவும் உள்ளே குனிந்தான்.

"பச்சையிலதான்யா இருந்துச்சு, நானே பாத்தேன்" என்றான் ஃபோர்மேன். "இன்னைக்கு ஒருத்தர அடிச்சது போதலியா உனக்கு?"

"அந்தப் பச்சை பொய்யி. நான் ஒன்ன அவுத்து விட்டிருக்கேன்—"

"பைத்தியம் புடிச்சிருச்சுடா இவனுக்கு. நல்லா புடிங்க."

விளக்குகள் எரிந்தன. பெட்டிக்குள் விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. அந்தக் கணினி எழுந்திருக்க எவ்வளவு நேரமாகும் என்று அவனைவிட யாருக்குத் தெரியும். நின்ற இடத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரம். அதற்குள் பாலிசி, லேபிள், அவிழ்த்தது, கட்டாதது என்று யாருக்கு எதைச் சொல்லி நம்ப வைப்பது. அவன் நல்லதற்கு ஓடி வருவான் என்று நம்புவதற்கு அங்கே ஒருத்தரும் இல்லை. அடிக்கத்தான் வருவான் என்பதை எல்லோரும் நம்புவார்கள். அடிக்கு அடி கொடுக்க ஒருத்தன் வெளியே வருவான் என்பதை அவனும் நம்பினான்.

நெரிபட்ட கழுத்திலிருந்து எவ்வளவு சத்தம் வருமோ அவ்வளவையும் திரட்டினான்.

"இவன் பல்லு படிக்கட்டுல விழுந்து போகலடா. நான் ஒடச்சேன். பின்னாடி குப்பையில என் காலக் கட்டிக்கிட்டு அழுதான். பேன்ட்டோட மூத்திரம் போனான். ஆம்பளையா இவன், கேளுங்கடா. வெளிய வாடா, மறுபடி போவியான்னு பாக்கலாம்."

யாரோ ஒருவன் மூச்சோடு சிரித்தான். அந்தச் சிரிப்புதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். மச்சான் ஒரே உந்தலில் பின்னால் வந்தான். ஸ்பேனர் கையில் இருந்தது. மூன்று எட்டில் மஞ்சள் கோட்டைத் தாண்டினான், பிடித்திருந்தவர்கள் பயத்தில் கையை விட்டுவிட்டார்கள். டினைடு தன் கையைத் தூக்கவில்லை. ஸ்பேனர் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இறங்கியது. எலும்பு உடைந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. மச்சான் இரண்டாவது அடிக்கு ஓங்கினான், இந்த முறை மண்டைக்கு.

இரும்புத் தலை விழுந்தது.

காதைப் பொத்தவைக்கும் சத்தம். தரை தூக்கிப் போட்டது. அச்சின்மேல் வைத்திருந்த டார்ச் இருந்த இடத்தில் ஒரு விளிம்பு மட்டும் காகிதம்போல் நீட்டிக்கொண்டிருந்தது. நெம்பிக்கொண்டிருந்த கோணல் தகடு சமமாகிக் கிடந்தது. ஓங்கிய ஸ்பேனர் ஓங்கியபடியே நிற்க, மச்சான் திரும்பிப் பார்த்தான். அப்புறம் தன் தோளைப் பார்த்தான், ஒன்று, பிறகு மற்றொன்று. தரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தான்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கட்டுப் போட்டுப் படுத்துக்கொண்டு டினைடு முதல் வேலையாக ஃபோர்மேனை வரவழைத்தான். தப்பு தன்னுடையது, ஒரு நிரலை அவிழ்த்துவிட்டுக் கட்ட மறந்தேன், பச்சையைப் பார்த்தவர்கள்மேல் குற்றமில்லை என்று சொன்னான். எப்படிக் கட்டுவது என்று வரிவரியாகச் சொல்லிக் கட்ட வைத்தான். வேலை போனது போனதுதான். மேனேஜர் போலீசுக்குப் போவதாகச் சொன்னார், அவர் புருவத்துத் தையலைப் பிரித்ததும் போகட்டும் என்று இவன் விட்டுவிட்டான்.

தங்கச்சி தினமும் வந்தாள். வந்து சாப்பாட்டை வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் போய்விடுவாள். ஒருநாள் அவளே வாயைத் திறந்தாள்.

"உன்ன சத்தியம் பண்ணச் சொன்னேண்ணா."

"சொல்லலைன்னா தோளுக்கு மேல ஒன்னும் இருந்திருக்காதும்மா. ஆளே இருந்திருக்க மாட்டான்."

"தெரியும். அவர் லாக்கர்ல ஈர பேன்ட்ட தொங்க விடறானுங்களாம். நேத்து ஒருத்தன அடிச்சு தாடைய ஒடச்சிட்டு வந்தாரு."

அவனால் கேட்க வேண்டியதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. அவமானப்பட்ட ஆள் அந்த அவமானத்தை எங்கே கொண்டுவந்து இறக்குவான் என்று பார்த்து வளர்ந்தவன் அவன். ஆலைக்கு எழுதின பாலிசி அந்த வீட்டு வாசல் வரைக்கும் வராது.

"வீட்ல... உன்ன எதாவது..."

"இல்ல" என்றாள். "வீட்டுக்குள்ள வந்தா ரெண்டு கையையும் பாக்கெட்டுல வச்சிக்கிறாரு. தூங்கற வரைக்கும் எடுக்கறதில்ல. எனக்கு அதப் பாக்கத்தான் முடியல." அப்போதுதான் அவள் அழுதாள். அவனும் அழுதான். தோள் வலியில் அழுவதாக நர்ஸ் ஊசி போட்டுவிட்டுப் போனார்.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முந்தைய நாள் மச்சானே வந்தான். கட்டிலிலிருந்து தள்ளி, ஜன்னலோரமாக, தங்கச்சி சொன்னதுபோலவே பாக்கெட்டில் கையோடு நின்றான். தூது சொல்ல நடுவில் ஃபோர்மேன் இல்லாததால் எப்படி ஆரம்பிப்பது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

"எலும்பு?" என்றான் கடைசியில்.

"கூடிடுமாம்."

"அவுத்து விட்டத கட்டிட்டாங்களா?"

"கட்டிட்டாங்க. நானும் கேட்டு உறுதி பண்ணிக்கிட்டேன்."

மச்சான் தலையாட்டினான். "ஒன்னு கேக்கணும். அத்தன பேர் முன்னாடி அதப் போய் சொன்னியே. வெளிய வான்னு கூப்பிட்டிருந்தா போதாதா?"

"கூப்பிட்டேனே. முதல்ல அததான கத்துனேன்."

"மச்சான்னு கூப்பிடல."

டினைடு கூரையைப் பார்த்தான். அந்த வார்த்தை கடைசியாக எப்போது வாயில் வந்தது என்று யோசித்தான், நினைவுக்கு வரவில்லை. பிறகு தலையைத் திருப்பிக் கேட்டான்.

"கூப்பிட்டிருந்தா வந்திருப்பியா, மச்சான்?"

மச்சான் வலது கையைப் பாக்கெட்டிலிருந்து எடுத்தான். பழைய மிதியில் கோணிப்போன விரல்களை ஒரு தரம் மடக்கினான், விரித்தான், புறங்கையைத் திருப்பிப் பார்த்தான்.

"மாட்டேன்" என்றான்.